சவரிராயனின் இரண்டரைக் கட்டை

ஏப்ரல் 14

எதிர்காலச் சரித்திர ஆசிரியர்களின் கவனத்துக்கு: பொன்மலை மெல்லிசைச் சிங்கம், 'ஸ்வர்ண சாகரம்' குழுவின் நிறுவனர், கீபோர்டு கலியபெருமாள் (வயது அறுபத்து மூன்று, மீசைக்கு மட்டும் நாற்பது) இன்று தன் சுயசரிதத்தை ஆரம்பிக்கிறான். உரக்கடையில் கொடுத்த டைரி. போன வருஷத்தது என்பதால் கிழமைகள் தப்பாக இருக்கும். தேதியை மட்டும் நம்புங்கள்.

வருஷப் பிறப்பும் அதுவுமாக வீட்டுக்கு ஒரு ஊமை வந்து சேர்ந்தது. அறுபத்தோரு கீ. அழுத்தினால் டொக் டொக் என்கிறது, அவ்வளவுதான். கடைக்காரரைக் கூப்பிட்டு நான் திட்டிய திட்டில் காவிரியில் இரண்டடி தண்ணீர் இறங்கியிருக்கும். அவர் பொறுமையாகச் சொன்னார்: "சார், இது மிடி கீபோர்டு. தானா சத்தம் போடாது. நீங்க எந்த கீயை அமுக்கினீங்க, எவ்வளவு பலமா அமுக்கினீங்கன்னு கம்ப்யூட்டருக்குச் சேதி மட்டும் அனுப்பும். சத்தம் கம்ப்யூட்டர்தான் போடும்."

ஆக, இது தபால்காரர். மேடையில் யானை பிளிறுவதுபோல வாசித்தவன் கடைசியில் கடுதாசி போடும் நிலைக்கு வந்துவிட்டேன்.

மாங்காய்ப் பச்சடி இரண்டு கிண்ணம். டாக்டர் இந்த டைரியைப் படிக்கக் கூடாது.

ஏப்ரல் 16

சாஃப்ட்வேரில் பியானோ, வயலின் கூட்டம், புல்லாங்குழல் என்று மூன்று டிராக் திறந்தேன். ஒரே ஒரு கீயைத் தொட்டேன். மூன்றும் சேர்ந்து அலறின. எதிர்வீட்டு நாய் அப்போதே ஊரைக் காலி செய்துவிட்டது.

மாடியில் குடியிருக்கும் அக்கா மகள் வினோதா இறங்கி வந்தாள். மின்வாரியத்தில் வேலை. ஊருக்கே கரண்ட் கொடுக்கிற கைக்கு இது எம்மாத்திரம்?

"எந்த டிராக் எந்த நோட்டைக் கேக்கணும்னு சொல்லித் தரணும் மாமா. நீங்க எல்லாக் கதவையும் திறந்து வெச்சிட்டு, எல்லாரும் உள்ள வர்றாங்களேன்னு கத்துறீங்க."

"கலைஞன் வீட்டுக் கதவு எப்பவும் திறந்துதான்டி இருக்கும்."

"கொசுதான் வரும்."

அவளே வழி பிரித்துக் கொடுத்தாள். இடது கை நோட்டுகள் வயலினுக்கு, வலது கை நோட்டுகள் புல்லாங்குழலுக்கு. பிறகு ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினாள். "டிரான்ஸ்போஸ். இதுல நம்பர் போட்டா, நீங்க அமுக்குறது ஒண்ணு, கேக்குறது ஒண்ணு. ப்ளஸ் போட்டா மேல, மைனஸ் போட்டா கீழ."

"அது எனக்குத் தெரியும்" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்று வந்துவிட்டது போல. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

மதியம் பெனிட்டா போன் செய்தாள். எங்கள் குழுவின் பழைய பாடகன் சவரிராயனுக்கும் ஜெயராணிக்கும் மகள். மே எட்டாம் தேதி அவளுக்குக் கல்யாணம்.

"அங்கிள், அப்பா பாடி நான் கேட்டதே இல்ல. கோயில்லகூட வாயைத் திறக்க மாட்டாங்க, பாட்டுப் புக்கைப் பிடிச்சிட்டு நிப்பாங்க. அம்மாதான் சொல்லுவாங்க, உங்கப்பா பாடினா ரோட்டுல போற பஸ் நிக்கும்னு. ரிசப்ஷன்ல நான் உள்ள வரும்போது அப்பா குரல் கேக்கணும். நீங்க ரெகார்ட் பண்ணிக் குடுங்க. நீங்க சொன்னா அப்பா கேப்பாங்க."

நான் சொன்னால் கேட்பான். ஆமாம். அதுதான் அவன் வியாதி.

ஏப்ரல் 19

சவரி வந்தான். ஸ்கூல் வேன் ஓட்டி ஓட்டி முதுகு வளைந்துவிட்டது. தலை முழுக்க வெள்ளை. நான் மட்டும் எப்படி இப்படி இளமையாக இருக்கிறேன் என்று கேட்டான். டையின் பெயரைச் சொல்லவில்லை.

"எனக்குத் தொண்டை இல்லடா கலியா. உனக்குத் தெரியாதா? நீ பக்கத்துலதானே உக்காந்திருந்தே."

சரித்திர ஆசிரியர்களுக்காகச் சுருக்கமாக: இருபத்தெட்டு வருஷங்களுக்கு முன், துறையூர்க் கச்சேரியில், ஒரு லட்சம் பேர் முன்னிலையில் சவரியின் தொண்டை உடைந்தது. பாட்டின் முதல் வரியிலேயே. கூட்டம் விசிலடித்தது. மைக்கை வைத்துவிட்டு இறங்கியவன்தான், அப்புறம் பாடவில்லை. தொண்டை விஷயம். யார் என்ன செய்ய முடியும்?

"பொண்ணு கேக்குறாடா" என்றேன்.

அந்த ஊமைக் கீபோர்டில் ஒரு கீயை அமுக்கிப் பார்த்தான். பிறகு, "என்ன பாட்டு?" என்றான்.

"நம்ம பாட்டு."

நான் மெட்டுப் போட்டு, அவன் எழுதியது. தாளம் ஆரம்பிப்பதற்கு முன் ஒரு தொகையறா உண்டு. கிட்டார் கிடையாது, தபேலா கிடையாது. என் கீபோர்டும் அவன் குரலும் மட்டும்: 'கரையில் நின்னு கூப்பிட்டேன், காவிரியே கேக்கலையா.' அந்தக் 'கேக்கலையா'வில் குரல் ஏறும் பாருங்கள், மலைக்கோட்டைப் பிள்ளையார் எட்டிப் பார்ப்பார்.

துறையூரில் உடைந்ததும் அங்கேதான்.

ஏப்ரல் 21

முதல் ஒத்திகை.

சவரிக்கு ஒரு பழக்கம். சுருதியைக் காதால் பிடிப்பதற்கு முன் என் கட்டைவிரலைப் பார்ப்பான். அது இரண்டாவது கறுப்புக் கீயில் இருந்தால் இரண்டரைக் கட்டை. அதுதான் அவன் உயரம். அந்தக் காலத்தில் இந்த ஜில்லாவில் இரண்டரையில் நின்று பாட இன்னொரு ஆண்பிள்ளை கிடையாது. இது மிகையில்லை. விரலைப் பார்த்ததும் ஒரு தலையசைப்பு, அப்புறம்தான் வாயைத் திறப்பான். இன்றும் அதையேதான் செய்தான்.

'கூப்பிட்டேன்' வரைக்கும் வந்தான். 'கேக்கலையா'வில் கிழிந்தது.

இருமினான். தண்ணீர் குடித்தான். மறுபடி. மறுபடியும் கிழிந்தது.

"பாத்தியா?" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "துறையூர்லயே செத்துப்போச்சுடா. பொணத்தைத் தூக்கிட்டு வந்து பாடுன்னா எப்படி?"

"கட்டையை இறக்கிப் பாடேன். ஒண்ணுல பாடு."

"ஒண்ணுல பாடுறதுக்கு எதுக்குடா நான்? பொண்ணுக்குக் குடுக்குறதை முழுசா குடுக்கணும். இல்லன்னா குடுக்கக் கூடாது."

போய்விட்டான். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது மட்டும் ரொம்ப நேரம் கேட்டது.

ஏப்ரல் 22

தொண்டை விஷயம் என்று எழுதியிருக்கிறேன். கொஞ்சம் திருத்த வேண்டும்.

பழைய கீபோர்டிலும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருந்தது. துறையூரில் அது இரண்டு படி மேலே இருந்தது. கை தவறி அழுத்தியிருக்கலாம். இருட்டு மேடை, கலர் லைட்டு, தொடையில் வயர். ஆயிரம் காரணம். தொகையறாவில் வேறு வாத்தியம் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. விரல் இரண்டரையில், சத்தம் நாலில் (இரண்டரைக்கு மேல் மூன்று, அதற்கு மேல் நாலு; மூன்றரை என்று ஒன்று கிடையாது). அவன் விரலைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பாடினான்.

கை தவறித்தான். போதும்.

கத்தரிக்காய் வாங்க வேண்டும்.

ஏப்ரல் 24

சவரியைக் கெஞ்சி வரவழைத்தேன். கெஞ்சலில் நான் உலக சாம்பியன். அவன் வருவதற்கு முன் அந்தச் சின்னப் பெட்டியில் மைனஸ் மூன்று போட்டேன். இரண்டரையிலிருந்து இரண்டு, ஒன்றரை, ஒன்று என்று மூன்று படி இறங்கினால் ஒரு கட்டை. திரையை அவன் பக்கம் திருப்பவில்லை. கட்டைவிரலை இரண்டாவது கறுப்புக் கீயில் வைத்தேன்.

பார்த்தான். தலையசைத்தான். பாடினான்.

ஐயா, நான் புளுகன். ஊரறிந்த விஷயம். ஆனால் இதை எழுதும்போது பெரிதாக்க ஒன்றும் தோன்றவில்லை. குரலில் ஒரு கரகரப்பு வந்திருக்கிறது. சைக்கிள் ரொம்ப தூரம் ஓடினபின் வருகிற மாதிரி. 'கேக்கலையா'வில் ஏறினான், நின்றான், இறங்காமல் இன்னும் கொஞ்சம் நின்றான். மாடியில் கிரைண்டர் சத்தம் நின்றுவிட்டது. வினோதா நிறுத்தியிருக்கிறாள்.

ஒரே டேக்.

"ரெண்டரைடா!" என்றான். என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "டேய் கலியா, ரெண்டரை! அப்படியே இருக்குடா!" கண் நிறைந்துவிட்டது அவனுக்கு. பிறகு திடீரென்று, "அப்ப அன்னிக்கு ஏன்டா போச்சு?" என்று கேட்டான்.

"சளியா இருந்திருக்கும்" என்றேன்.

ஏப்ரல் 26

காலையிலேயே சவரி வந்தான். முகச்சவரம், புதுச் சட்டை. பத்து வயது குறைந்திருந்தான்.

"ரெகார்டெல்லாம் வேண்டாம்டா. அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் மேடையில நேரா பாடப்போறேன். மாப்பிள்ளை வீட்டுல ஆர்க்கெஸ்ட்ரா வெச்சிருக்காங்க. பேசிட்டேன். ரெண்டரைன்னு சொல்லிட்டேன். பசங்க, 'சார், இந்த வயசுலயா?'ன்னு வாயைப் பொளந்துட்டானுங்க."

"ரிஸ்க் எடுக்காதடா."

"ரிஸ்க்கா? நீதானே வாசிச்சே? உன் கை பொய் சொல்லுமா?"

ஏப்ரல் 27

இன்று சோறு ஒரு கரண்டிதான், டாக்டர் இந்த ஒரு பக்கத்தை மட்டும் படிக்கலாம்.

ஏப்ரல் 28

ஆர்க்கெஸ்ட்ரா கீபோர்டுக்காரருக்கு போன் செய்து, யாருக்கும் தெரியாமல் ஒரு கட்டையில் வாசிக்க முடியுமா என்று கேட்டேன். "கிட்டார்காரருக்குச் சொல்லணும் சார். பேஸ்காரருக்குச் சொல்லணும். அவங்க கையையும் பாடுறவர் பாப்பாருல்ல?" என்றார். பார்ப்பான். எல்லார் கையையும் பார்ப்பான்.

மேடை, மாப்பிள்ளை வீட்டார், பெண் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டரைக் கட்டை. 'கேக்கலையா' என்று வாயைத் திறப்பான்.

இன்னொரு துறையூர். அதையும் நானே கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 29

வினோதா, பாட்டைக் கேட்க வேண்டும் என்று கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

"மாமா, இது ஏன் மைனஸ் மூணுல இருக்கு?"

"அது சும்மா."

"நோட்டெல்லாம் ரெண்டரையில பதிஞ்சிருக்கு. கேக்குறது ஒண்ணுல கேக்குது." அவள் என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தாள். "அவருக்குத் தெரியுமா?"

நான் நியூஸ்பேப்பரை விரித்தேன்.

"மாமா, அந்த மனுஷன் நேத்து மீன் மார்க்கெட்ல நின்னு என்கிட்ட ரெண்டரை ரெண்டரைன்னு சொல்லிட்டுப் போறாரு. மேடைக்கு இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போவீங்களா?"

"அவன் மனசு சந்தோஷப்படட்டும்னு செஞ்சேன்டி."

"சரி. எட்டாம் தேதி வரைக்கும் படட்டும்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மின்வாரியத்தில் ஃபியூஸைப் பிடுங்குவதற்கும் பயிற்சி உண்டு போல.

இருபத்திரண்டாம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். கை தவறி என்று இருக்கிறது. அந்தப் பட்டனை ஒரு தரம் அழுத்தினால் ஒரு படிதான் ஏறும். நான் இரண்டு தரம் அழுத்தினேன். இரண்டு தரம் கை தவறாது.

விளையாட்டுக்குத்தான் என்று எழுதலாம். அதுவும் பாதிதான்.

அன்று துறையூருக்குச் சென்னையிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் வந்திருந்தார். முதல் வரிசை, வெள்ளைச் சட்டை. பாடகனைக் கேட்க வந்தவர். கச்சேரிக்கு முன் என்னிடம், "உங்க ராயன் நல்லா பாடினா கையோட கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று சிரித்தார். கீபோர்டு வாசிப்பவன் யார் என்று அவர் கேட்கவில்லை. என்னிடம் பேசிக்கொண்டிருந்தும் கேட்கவில்லை.

ஒரு லட்சம் பேர் இல்லை. முந்நூறு பேர். அந்த ஒரு வெள்ளைச் சட்டைக்காகத்தான் அழுத்தினேன். சவரி இறங்கிப் போனதும், யாரும் பார்ப்பதற்குள் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதற்கும் இரண்டு தரம் அழுத்த வேண்டியிருந்தது.

மே 1

சவரியை வரச் சொன்னேன். வேன் லீவு. பதினொரு மணிக்கு வந்தான். காபி போட்டேன். திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

"இந்தப் பெட்டியில என்ன போட்டிருக்கு, படி."

கண்ணாடியை மாட்டினான். "மைனஸ் மூணு. என்னடா, டெம்பரேச்சரா?"

சொன்னேன். கீயை அழுத்திக் காட்டினேன். மைனஸ் மூன்றில் ஒரு தரம், பூஜ்யத்தில் ஒரு தரம். அவனுக்கு விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை.

"அப்ப நான் பாடினது?"

"ஒரு கட்டை."

முகம் சுருங்கியது. பிறகு மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தான். நான் எதிர்பார்க்கவே இல்லை. "திருட்டுப் பயலே! மனசு விட்டுடக் கூடாதேன்னு செஞ்சியா? நல்லவேளை இப்பவாவது சொன்னே. மாப்பிள்ளை வீட்டு முன்னாடி கிழிஞ்சிருக்கும்." என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். "சரி, ஒண்ணுலயே பாடுறேன். நல்லாதானே இருந்துச்சு?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், நிறுத்திவிடத்தான் இருந்தேன். காபியைக்கூட நீட்டிவிட்டேன்.

அவன் டம்ளரை வாங்கிக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டு, போகிற போக்கில் கேட்டான்: "இந்த வித்தை நம்ம பழைய கீபோர்டுல இருந்துச்சாடா?"

"இருந்துச்சு."

டம்ளர் பாதி வழியில் நின்றது. என்னைப் பார்த்தான். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவன் அடுத்ததாக 'அழுத்தினியா' என்று கேட்கவில்லை.

"எவ்வளவு?" என்றான்.

"மேல ரெண்டு படி."

விரலை மடக்கி எண்ணினான். "மூணு. நாலு." கொஞ்ச நேரம் அந்த இரண்டு விரலையே பார்த்தான். "நாலு கட்டை. நாலு கட்டையில 'கேக்கலையா'வுல பாதி வரைக்கும் போனேன்ல?"

"போனே."

"பாதிக்கு மேலயே போனேன்டா."

"ஆமா சவரி."

அந்த வெள்ளைச் சட்டைக்காரரைப் பற்றியும் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லையும் சொன்னேன். என்னிடம் இருந்த எந்தப் பெரிய வார்த்தையும் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை, இதுவும்தான்.

கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தான். காபியை மேஜையில் வைத்தான். வாசலுக்குப் போய்த் திரும்பாமலே சொன்னான்:

"ஜெயராணி சாகுற வரைக்கும் கேட்டா. ஒரு தரம் பாடுங்களேன்னு. தொண்டை போச்சுன்னு சொன்னேன்."

மே 2

அந்தக் காபி டம்ளரை இன்னும் கழுவவில்லை.

மே 4

போன் செய்தேன். எடுக்கவில்லை. அரிசி வாங்கினேன். வினோதா ரசம் கொடுத்தாள்.

மே 5

பெனிட்டா கூப்பிட்டாள்.

"அங்கிள், உங்களுக்கும் அப்பாவுக்கும் என்ன சண்டை? ரெண்டு நாளா சாப்பாடே இல்ல. இன்னிக்குத்தான் பேசினாங்க. நீங்க வரணுமாம். தொகையறாவுக்கு நீங்கதான் வாசிக்கணுமாம்."

போனைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றுவிட்டேன்.

"அப்புறம் அங்கிள், கீபோர்டு வேண்டாமாம். ஆர்மோனியம் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. அதுதான் நல்லதுன்னாங்க. ஏன் அங்கிள்?"

"அதுல பட்டன் இல்லம்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "சரிங்க அங்கிள்" என்றாள்.

பரணிலிருந்து ஆர்மோனியத்தை இறக்கித் துடைத்தேன். மூன்று கீ ஒட்டிக்கொண்டிருந்தது. சரி செய்தேன்.

மே 8

கல்யாணம் நன்றாக நடந்தது.

ரிசப்ஷன் மேடையில் சவரி என் பக்கத்தில் வந்து குனிந்தான். ஏதாவது சொல்வான் என்று காதைக் கொடுத்தேன். அவன் ஆர்மோனியத்தில் ஒரு கட்டைச் சுருதிக்கான கீயைத் தன் விரலாலேயே அழுத்தினான். நான் துருத்தியைத் தள்ளினேன். கண்ணை மூடிக் கேட்டான். "ம்" என்றான். மைக்குக்குப் போய்விட்டான்.

பெனிட்டா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

பாடினான். 'கேக்கலையா'வில் ஏறி நின்றான். அந்தப் பெண் பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். கழுத்து மாலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள்.

நான் கட்டைவிரலை நன்றாக நீட்டி, அவன் திரும்பினால் தெரிகிற மாதிரி வைத்துத்தான் வாசித்தேன். ஒரு தரம்கூட அவன் பார்க்கவில்லை.

ஐயாயிரம் பேர் கைதட்டினார்கள் என்று எழுத வந்தேன். இருநூற்றைம்பது பேர் இருப்பார்கள். தட்டினார்கள்.

பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தான். என் இலையில் ஊறுகாய் வைக்கவில்லை என்று பரிமாறுகிறவரிடம் கையைக் காட்டினான். என்னோடு பேசவில்லை.

மே 10

அந்தப் பதிவைத் திறந்தேன். நோட்டுகள் இன்னும் இரண்டரையில்தான் கிடந்தன, மைனஸ் மூன்றின் தயவில் ஒன்றாகக் கேட்டுக்கொண்டு.

ஒவ்வொரு நோட்டாகப் பிடித்து மூன்று படி கீழே இழுத்து, அது நிஜமாக ஒலிக்கிற இடத்தில் வைத்தேன். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே இழுப்பில் இழுக்கலாம் என்று வினோதா சொன்னாள். வேண்டாம் என்றேன். முந்நூற்றுப் பன்னிரண்டு நோட்டு. காலையில் உட்கார்ந்து சாயங்காலம் முடித்தேன். கடைசியில் பெட்டியில் பூஜ்யம் போட்டேன்.

கேட்டுப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. யார் கேட்டாலும் தெரியாது.

சவரிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்து இரண்டு நீல டிக் வந்தது.

"கேட்டுட்டான்" என்றேன்.

"பாத்துட்டாருன்னுதான் அர்த்தம் மாமா" என்றாள் வினோதா. "கேட்டாரான்னு அதுல தெரியாது."